ரைட் கிளிக் பெண் பார்க்கப் போன கதை

உலகத்தில் எந்தப் போட்டோவைக் கொடுத்தாலும் போட்டோவைப் பார்க்காத ஒரே ஆசாமி எங்கள் ரைட் கிளிக்தான். தாஜ்மஹாலைக் காட்டுங்கள், தலைப்பிள்ளையைக் காட்டுங்கள், மவுஸின் வலது பக்கத்தைத் தட்டி ப்ராப்பர்ட்டீஸைத் திறப்பான். எடுத்த தேதி, நேரம், காமிராவின் பெயர், கடைசியாகக் கைவைத்த சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "சரி, மூடிக்க" என்பான். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். அவன் புதுக்கோட்டை, நான் திருச்சி. ஒரே அறையில் வாசம். அவனுக்கு குவாலிட்டி பிரிவில் வேலை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வார்ப்பு சப்ளை செய்த ஒருவர், சரக்கைப் படமெடுத்து மெயிலில் அனுப்பிவிட்டு போன் போட்டார்.

"இன்னிக்குக் காலைல எடுத்தது சார். போட்டோ சென்னாகிதெயல்லா, நல்லாருக்கில்ல?"

"சென்னாகிதெ. ஆனா தீபாவளிக்கு முன்னாடி எடுத்திருக்கீங்க."

மனுஷர் அதற்குப் பிறகு காமிராவைத் தொடவே இல்லை. பென்சிலால் வரைந்து அனுப்பினார் என்று பேச்சு.

ரைட் கிளிக்குக்கு இதில் பெரிய பெருமிதம். "படத்துக்குள்ள தேதிய எங்க எழுதணும், எப்படி எழுதணும்னு எல்லா காமிரா கம்பெனிக்காரனும் ஒத்துக்கிட்டிருக்கான்டா. ஜப்பான் காமிராவுல எடுத்தத அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டர் படிக்குது. நாம ரெண்டு பேரு, யாரு தண்ணி மோட்டார் போடறதுன்னு இன்னும் ஒத்துக்க முடியல" என்பான். சொல்லிவிட்டு என்னையே மோட்டார் போட அனுப்புவான்.

சுருக்கிய ஃபைல் எதுவும் அவனுக்கு ஆகாது. தளி ரோட்டு டீக்கடையில் எம்பித்ரீ பாட்டு ஓடினால், "இதுல பாதிப் பாட்டுதான் இருக்கு, மீதிய வெட்டி எறிஞ்சுட்டான்" என்று முகம் சுளிப்பான். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் கழன்றுபோகுமாம். கூட வேலை பார்த்த முனிராஜ் தன் குழந்தையின் படத்தைக் காட்டி, "யாரு மாதிரி இருக்கான்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"மூணு தடவ சேவ் பண்ணியிருக்கீங்க. மூக்கு தேஞ்சுபோச்சு."

முனிராஜ் வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது அத்தோடு நின்றது. நான் வாயே திறக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் தேடினார்கள். தரகர் அனுப்பிய படங்களையெல்லாம் இவன் ரைட் கிளிக் செய்து, "இது பழசு", "இது ஸ்டுடியோவுல வெளுத்தது" என்று தள்ளினான். முப்பத்திமூன்று வயதாகிவிட்டது. அவன் அம்மா போனில் அழுதார்கள். கடைசியில் ஊத்தங்கரையில் ஒரு வரன் அமைந்தது. பெண் அங்கே தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். மாப்பிள்ளை படத்தை மெயிலில் கேட்டார்கள்.

துளியும் சுருக்காத படத்தைத்தான் அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பிரவுசிங் சென்டர்காரர், "அண்ணா, இது மெயில்ல போவாதுங்கண்ணா, லாரியிலதான் போவும்" என்று கைகூப்பினார். பிறகு ஒருவழியாக, காமிரா எடுத்துத் தந்த ஜேபெக்கை அப்படியே, ஒரு புள்ளி திருத்தாமல் அனுப்பச் சம்மதித்தான்.

இரண்டு நாளில் பெண்ணின் அண்ணன் போன் செய்தார். "ஏங்க, அஞ்சு வருசத்துக்கு முந்தின படத்த அனுப்பியிருக்கீங்க. எந்தங்கச்சி உள்ள தேதியப் பாத்துப்புட்டாங்க. இது சரிப்படாதுங்க."

ஊரார் படத்தையெல்லாம் சோதித்தவன் தன் காமிராவைச் சோதிக்கவில்லை. சார்ஜ் போட பேட்டரியைக் கழற்றினால், அதன் கடிகாரம் காமிரா பிறந்த வருஷத்து ஜனவரி முதல் தேதிக்கே ஓடிப்போய்விடும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவனோ கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவங்க உள்ள பாத்திருக்காங்கடா."

"பாத்துட்டு வேணாம்னுட்டாங்கடா."

"அதனால என்ன, பாத்திருக்காங்கல்ல. கட்டுனா இவங்களத்தான்."

தேதியைத் திருத்தி இன்னொரு தரம் அனுப்பச் சொன்னேன். கொலை செய்யச் சொன்னதுபோல் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காமிராவும் கையுமாக, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊத்தங்கரையில் போய் இறங்கினோம். நல்ல வெயில். பஸ் காற்றில் அவன் தலைமுடி நட்டுக்குத்தலாக நின்றது. வாசலில் பெண்ணின் அண்ணன் எங்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று யோசித்தபோது, அந்தப் பெண்ணே வெளியே வந்தாள்.

ரைட் கிளிக் வணக்கம்கூடச் சொல்லவில்லை, காமிராவை நீட்டினான். "இப்ப என்னைய ஒரு படம் எடுங்க. எடுத்துட்டுத் தேதியப் பாருங்க."

அவள் எடுத்தாள். பொத்தானை அழுத்தித் தேதியைப் பார்த்தாள். அதே பழைய வருஷம். நிமிர்ந்து இவன் தலைமுடியைப் பார்த்தாள்.

"கடிகாரம் தப்புன்னு தெரிஞ்சும் ஏங்க சரி பண்ணாம கொண்டாந்தீங்க?"

"சரி பண்ணிட்டா, அன்னிக்குத் தப்பா இருந்ததுக்கு என்னங்க சாட்சி?"

அவள் அண்ணனைப் பார்த்துத் திரும்பி, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் அரைமனதாக, "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். பெற்றவர்கள் எல்லாம் கூடிப் பேசித் தேதி குறித்தது பிறகு நடந்தது, ஆனால் கல்யாணம் அந்த வாசலிலேயே முடிவாகிவிட்டது என்பேன்.

அவள் காமிராவைத் திருப்பித் தரவில்லை. "இப்ப சரி பண்ணிரலாங்களா?" என்று கேட்டு, என்னைக்கூடத் தொடவிடாத அந்தக் காமிராவில் கடிகாரத்தைத் தேடிப் பிடித்தாள். பிறகு, "இன்னிக்கு என்னங்க தேதி?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பெண்ணின் முகத்தைப் பார்த்தபடியே நின்றான்.

எனக்குத் தேதி தெரியும். சொல்லவில்லை. அவன் அப்படித் திண்டாடி நின்றது அவ்வளவு அழகாக இருந்தது, அது இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.