அமோனியாவுக்கு மஞ்சள் துணி காட்டியவர்

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே முறையாகப் பயப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் எல்லோரும் மகா தைரியசாலிகள். அதனால்தான் எங்களுக்கு அடிக்கடி கண் எரிந்தது.

நான் அப்போது ராஜபாளையம் சாலையில் ஓர் ஐஸ் கம்பெனியில் குமாஸ்தா. அந்தக் காலத்து ஐஸுக்கு உயிர் அமோனியா வாயு. குழாய்க்குள் ஓடும்வரை தண்ணீரைப் பாறையாக்கும். வெளியே நிறைய வந்துவிட்டால் ஆளைப் பிணமாக்கும். இதில் இரண்டாவது சங்கதியை எங்கள் முதலாளி வதந்தி என்றே கருதினார்.

அங்கே ஃபிட்டராகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவரை ஊரே மஞ்சத்துணி அண்ணாச்சி என்றது. காலையில் மெஷின் அறைக்குள் மனிதர் நேராக நுழைய மாட்டார். சன்னல்களை வெளியிலிருந்தே திறப்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே போவார். மஞ்சளில் நனைத்த ஈரத்துணியை ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டி, குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் காட்டிக்கொண்டே வருவார். அமோனியா பட்டால் மஞ்சள் சிவக்கும். சிவந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவுவார். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. அதற்குள் யாராவது பீடியோடு எட்டிப் பார்த்தால், அவருக்கு அன்றைக்குப் பொழுது விடிந்தது தவறு.

வெளியிலிருந்து பார்த்த சனங்களுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. மஞ்சள் துணி, கம்பு, கிண்ணத்தில் தீர்த்தம், வாய்க்குள் முணுமுணுப்பு. பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள்.

"சாமி, பிள்ள பாலே குடிக்க மாட்டேங்கு. ஒரு தடவ அந்தத் துணியக் காட்டி விடுங்க."

"நான் மிசினுக்குத்தாம்மா பாக்கது."

"இம்புட்டுப் பெரிய மிசினுக்கே பாக்கிய. எம்பிள்ளைக்குப் பாக்க மாட்டியளாக்கும்?"

அண்ணாச்சி பெருமூச்சு விட்டுத் துணியைக் காட்டினார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, துணைக்கு என்னையும் அனுப்பிவைத்தார். பிள்ளை தேறியது. புகழ் துணிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் திருவேங்கடத்திலிருந்து ஒருவர் மாட்டோடு வந்தார்.

முதலாளிக்கு இந்தச் சடங்கெல்லாம் பிடிக்காது. கசிவு பார்க்கத் தம் மூக்கே போதும் என்பது அவர் கொள்கை. குழாய்க்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய், ரோஜாப்பூவை முகர்வதுபோல் முகர்ந்து, "ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்பு வழங்குவார். அவசரத்துக்கு ஒரு வாயு முகமூடி வாங்கித் தரும்படி அண்ணாச்சி வருஷம் முழுக்கக் கேட்டுப் பார்த்தார்.

"முகமூடி எதுக்கு வே? கொள்ளையடிக்கவா போறீரு?" என்பதோடு அந்த விண்ணப்பம் முடியும்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். சர்பத் கடைக்காரர்கள் ஐஸுக்காகக் கம்பெனி வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று காலை, பெரிய வால்வுக்குப் பக்கத்து இணைப்பில் துணி செக்கச் செவேலென்று சிவந்தது. அண்ணாச்சி உடனே மெஷினை நிறுத்தினார்.

முதலாளி பறந்து வந்தார். முகர்ந்தார். "ஒரு வாடையும் இல்லையே. ஓட்டும்."

"பத்து வருசமா இதையே மோந்த மூக்கு, முதலாளி. அதுக்கு மரத்துப் போச்சு. வெளியாள் ஒருத்தரக் கூப்பிட்டுக் கேளுங்க."

சர்பத் கடைக்காரர் ஒருவரை உள்ளே விட்டார்கள். இரண்டு எட்டு வைத்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினார். முதலாளி அதற்கும் அசையவில்லை. "அவனுக்குச் சளி. நீரு ஓட்டலேன்னா வீட்டுக்குப் போகலாம்."

"போறேன். ஆனா ஓட்டாதிய."

அண்ணாச்சி வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். முதலாளி தாமே உள்ளே போய் மெஷினை ஓட்டினார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். படீரென்று ஒரு சத்தம். அறைக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. கூடவே முதலாளியின் இருமல். வெளியே இருந்த சுவிட்சை யாரோ அணைத்தார்கள். கூட்டம் சிதறி ஓடியது.

வேலையை இழந்து அரை நிமிஷம்கூட ஆகாத மனிதர் திரும்பி வந்தார். அப்போதும் அவசரப்படவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஈரச்சாக்கை முகத்தில் சுற்றினார். யாரோ ஒரு மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணாடியை வாங்கிப் போட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் திணித்தார்.

"ரெண்டு தடவ இழுத்தா, என்னைய வெளிய இழுத்துரும். நீரு உள்ள வராதியும்."

வாயு மேலே ஏறும் என்று தரையோடு தரையாகத் தவழ்ந்து போனார். கயிறு என் கையில் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. உள்ளே வால்வைத் திருகும் கிரீச்சொலி. அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரிந்த தெய்வங்கள் தீர்ந்துபோய்த் தெரியாத தெய்வங்களைக் கூப்பிட ஆரம்பித்தபோது, இரண்டு இழுப்பு வந்தது. இழுத்தேன். முதலில் அண்ணாச்சியின் கால்கள் வந்தன. அவர் கைப்பிடியில் முதலாளியின் காலும், அதைத் தொடர்ந்து முதலாளியும் வந்தார்கள்.

"கண்ணத் தேய்க்காதிய. தண்ணிய ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்று அண்ணாச்சி இருமினார். முக்கால் மணி நேரம் ஊற்றினோம். கண் திறந்ததும் முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "இப்ப லேசா வாடை வருது வே."

முகமூடி அடுத்த வாரம் வந்தது. ஒன்றல்ல, மூன்று. அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொன்னதை முதலாளி மறந்தே போனார்.

அத்தனை பேரில் கயிற்றை ஏன் என்னிடம் தந்தார் என்று பின்னால் கேட்டேன். ஏதாவது பாராட்டு வரும் என்று ஒரு நப்பாசை.

"நீரு பயந்துபோயி நின்னீரு. பயந்தவன் கயித்த நல்லா இறுக்கிப் பிடிப்பான்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போய், பஸ் வாசுதேவநல்லூர்ப் பாதையில் மறைந்த பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வேலைக்குத் தாமதம். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.