ரப்பர் உடைக்குள் அகப்பட்ட காலை

எல்லாம் தெரிந்தவன் செய்யும் தப்பு, ஒன்றும் தெரியாதவன் செய்யும் தப்பைவிடப் பெரியது. இதை நான் அறுபத்தொன்றாவது வயதில், ஒரு ரப்பர் உடைக்குள் இருந்தபடி கற்றுக்கொண்டேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் அளவு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே என்னோடு வேலை பார்த்த நயாஸ், வேலையை விட்டுவிட்டு நான்கு மெஷின் போட்டு, கடலுக்கடியில் மூழ்கி நீந்துகிறவர்கள் குளிர் தாங்கப் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடையைக் கையால் வெட்டித் தைக்கத் தொடங்கினான். (ஆம்பூரில் கடல் எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் டீ வாங்கிக் கொடுத்தான்.) அளவு பார்க்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டான்.

முதல் சாம்பிளுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. புதுச்சேரியில் கடலில் மூழ்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு மேடம் நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் பன்னிரண்டு உடைக்கு ஆர்டர். பிடிக்காவிட்டால் நயாஸ் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இங்கேதான் என் அனுபவம் குறுக்கே வந்தது. தோல் ஷூ முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். நாலு நாள் போட்டால் காலுக்குத் தக்கபடி இளகிவிடும். ரப்பரும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்து, நயாஸிடம் சொல்லாமல், அவன் வரைந்த பேட்டர்னில் பதினொரு இடத்தில் ஆறு ஆறு மில்லிமீட்டர் குறைத்துவிட்டேன்.

மேடம் பதினொரு மணிக்கு வரவேண்டிய அன்று காலை எனக்கே சந்தேகம் வந்தது. சாம்பிள் ஏறக்குறைய என் அளவுதான். போட்டுப் பார்த்துவிடலாம் என்று எட்டரைக்கே போய்ப் பட்டறையைத் திறந்தேன். ஒரு டப்பா பவுடரை உள்ளே கொட்டி, உடம்பை நுழைத்தேன். இருபத்தேழு நிமிடம். முதுகு ஜிப்பை அதன் நாடாவைப் பிடித்து இழுத்து மூடிய பிறகுதான் தெரிந்தது, ரப்பர் இளகாது என்று. இளகியது நான். வியர்வையில் பவுடர் பசையாகி என்னையும் உடையையும் ஒட்டிவிட்டது.

ஒன்பது மணிக்கு மாதனூரிலிருந்து வந்த தையல்காரி பிலோமினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா சார் இது, உள்ள நீங்களா?”

அடுத்து நயாஸ் வந்தான். ஜிப் திறந்தது, ஆனால் தோளைத் தாண்டி உடை இறங்கவில்லை. பக்கத்து லேத் பட்டறையிலிருந்து இருவர் வந்தார்கள். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். தரை முழுக்க என்னை இழுத்தார்கள். உடையோடு சேர்ந்து நானும் நகர்ந்தேன், அவ்வளவுதான். (ஏழு முறை.)

“நயாஸ், வெட்டிடு. மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு ஓடுது” என்றேன்.

அவன் கத்திரியை எடுத்தான். பத்தொன்பது நாள் உழைப்பு அது. “பரவால்ல சார், உங்களவிட இது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல” என்றான்.

“கொஞ்சம் ஜாஸ்திதான்” என்று பிலோமினா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கத்திரி கழுத்தருகே வந்தபோது வாசலில் மேடம் நின்றார், ஐம்பது நிமிடம் முன்னதாகவே. ஒருமுறை என்னைப் பார்த்தார். கத்திரியைக் கீழே வைக்கச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரும் ஷாம்பூவும் கேட்டார். நாலு பாக்கெட் ஷாம்பூவைக் கரைத்து என் கழுத்து வழியே ஊற்றினார். ஆறே நிமிடத்தில் கோடு போட்ட அண்டர்வேரோடும் நுரையோடும் நான் வெளியே வழுக்கி வந்தேன். மேடம் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் லுங்கி கட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் உடையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் இழுத்தும் ஒரு நூல் விடவில்லை. “தையல் அருமை. அளவுதான் தப்பு. யார் போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான் மேடம்” என்றான் நயாஸ், ஒன்றும் தெரியாமல்.

அதுவரை உடையில் மட்டும்தான் மூச்சு முட்டியது. இப்போது உடை இல்லாமலே முட்டியது. பதினொரு இடத்தையும் சொன்னேன். நயாஸ் என்னைத் திட்டவில்லை. பேட்டர்னை எடுத்துவந்து, பதினொரு இடத்தையும் பென்சிலால் குறிக்கச் சொன்னான்.

மேடம் பன்னிரண்டு உடைக்கு ஆர்டர் கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு: இந்தச் சார் கையில் அளவு நாடா இருக்கக் கூடாது.

இன்று நயாஸிடம் ஒன்பது மெஷின். நான் பார்சல் கட்டும் பகுதியில் எண்ணிக்கை பார்க்கிறேன். சுகமான வேலை. வீட்டில்தான் நிம்மதி இல்லை. தீபாவளிக்கு நான் புதுச் சட்டையைத் தலை வழியே மாட்டும்போதெல்லாம் என் மனைவி சமையலறையிலிருந்து கேட்கிறாள்:

“உள்ள போய்ட்டீங்களா? இழுக்க நாலு பேர வரச் சொல்லட்டா?”