பாட்டில் இல்லாத பந்தி

டெல்டா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் டப்பா அக்காவைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். கிடைத்துவிட்டால் கடைக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள்.

மயிலாடுதுறையில் எங்கள் தெருவில்தான் வீடு. கை நிறைய எவர்சில்வர் டப்பா இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். மீனுக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று. அந்தக் கலகல சத்தம் கேட்டதுமே மளிகைக்கடைக்காரர் கேரிபேக் கட்டை ஒளித்துவைப்பார். தெருப் பூனைகள் மீன் டப்பாவை நம்பிப் பின்னாலேயே வரும். ஒருமுறை டவுன்பஸ் கண்டக்டர் டப்பாக்களுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அக்கா அத்தனையையும் மடியில் ஏற்றிக்கொண்டு, "கைப்புள்ளைக்கு டிக்கெட் உண்டாப்பா?" என்றார்.

ஓட்டலில் கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர்பேண்ட் போடுவதைப் பார்த்தால் போதும், யார் வீட்டுப் பார்சலானாலும் நடுவில் புகுந்துவிடுவார். "தம்பி, இதை உன் புள்ளைக்குக் குடுப்பியா?" வாங்க வந்தவர் பாத்திரம் எடுக்க வீட்டுக்கு ஓடுவார்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் கனகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா கீழ்வேளூரில் பெரிய விவசாயி. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. "எலைக்கு ஒரு தண்ணி பாட்டில் வச்சிருங்க. இல்லாட்டி எங்க சனம் பந்தில உக்காராது. கௌரவப் பிரச்னைங்க" என்றார்.

"தண்ணிக்குக் கொறை வராதுங்க" என்று மட்டும் சொன்னார் அக்கா.

சம்பந்தி போனதும் கனகா கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, எனக்கு இவரைப் புடிச்சிருக்கும்மா. ஒரு பாட்டிலுக்காகக் கெடுத்துறாத."

"ஒரு பாட்டில்னா வாங்கிருவேன்டி. ஊரு சனத்துக்கே வாங்கச் சொல்றாரே!"

சமையல்காரர் தன்னிடம் டம்ளர் இல்லை என்று கைவிரித்தார். அக்கா வீடு வீடாகக் கிளம்பினார். பரணில் தூங்கிய எவர்சில்வர் டம்ளரெல்லாம் கீழே இறங்கின. நான் சாக்கில் சுமந்தேன். எல்லாம் யாரோ கல்யாணத்துக்கு வைத்த அன்பளிப்பு, அதனால் ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது.

மாப்பிள்ளை அழைப்பன்று முதல் பந்தி. இலைப் பக்கத்தில் பாட்டிலைக் காணோம் என்றதும் சம்பந்தி நின்றுவிட்டார். அவர் நின்றதும் பின்னால் கீழ்வேளூரே நின்றது. கூட்டு வாளியோடு பரிமாறுகிறவரும் நின்றார். விடிந்தால் தாலி. கனகாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா ஒரு டம்ளரை நீட்டினார். "மொதல்ல தண்ணி குடிங்க சம்பந்தி. கோவத்தை அப்பறம் வச்சுக்கலாம்."

நீட்டிய தண்ணீரைத் தட்டுவது எங்கள் பக்கம் பாவம். வாங்கி அண்ணாந்து ஊற்றினார். டம்ளரில் வெட்டிய எழுத்து நேராகக் கண்ணில் பட்டது. புரையேறிவிட்டது.

"அட, இது எம்பேருங்க! எங்க சோமு கல்யாணத்துக்கு நான் வச்ச டம்ளருங்க!"

சோமு சார் எங்கள் தெருக்காரர், பந்திக்கும் வந்திருந்தார். பழைய சிநேகிதர்கள் இருவரும் கட்டிக்கொண்டார்கள். சம்பந்தி முதல் இலையில் சப்பணமிட்டு, "உக்காருங்கப்பா எல்லாரும்! அவங்கவங்க டம்ளரைப் படிங்க!" என்றார்.

பந்தி வாசகசாலை ஆனது. "எனக்கு ரைஸ்மில் நண்பர்கள் வந்திருக்காங்க, உனக்கு யாரு?" "எனக்குப் பெரியம்மா குடும்பத்தார்!" பாட்டில் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மறுநாள் சம்பந்தியே மண்டப வாசலில் நின்று, "எங்க வீட்டுக் கல்யாணத்துல பாட்டிலே கெடையாதுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அந்த டம்ளரைத் தெரிந்தே பொறுக்கி எடுத்தீர்களா என்று அக்காவைக் கேட்டால் இன்றைக்கும் சிரிப்புதான் பதில்.

பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகு, ஜெயித்த அக்காவைத் தேடினேன். சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து, டம்ளர் தேய்த்தபடி அழுதுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெருவே உட்கார்ந்து தேய்த்தது. அவரைத் தனியாக அழவிட எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.