காகிதத்தில் வெட்டிய ஸ்பானிய மொழி

ஒரு மொழியைக் கற்க அதன் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கையை ஒழித்துக்கட்டிய பெருமை, மருந்துக் கடை மாடியில் இயங்கிய அந்த ஸ்பானிய மொழிப் பயிற்சி நிலையத்தையே சேரும். 'பண்பாடு வழியே மொழி' என்பது அதன் கொள்கை. பண்பாடு என்றால் பண்டிகை. ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் ஒன்றா இரண்டா? வாரம் தவறாமல் எங்காவது ஒரு திருநாள் வந்துவிடும். வினைச்சொற்கள் விழா இல்லாத வாரத்தில் நடத்தப்படும் என்று சுற்றறிக்கையே உண்டு. அப்படி ஒரு வாரம் அடுத்த ஆண்டில் ஒன்றே ஒன்று அகப்பட்டிருப்பதாகக் கேள்வி.

தையற்கடை அம்மா அங்கே சேர்ந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. மகள் கட்டிக்கொண்டது ஸ்பானிய மொழி பேசும் பையனை. கூடிய சீக்கிரம் அவன் ஊருக்கே குடிபோகிறாள். பசித்தாலும் வாய்விட்டுக் கேட்காத பெண். 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டும். மகளையே மொழிபெயர்க்கச் சொன்னால், தனக்குத் தானே சிபாரிசு செய்துகொள்ள அவள் ஒப்புவாளா? கைபேசி சொல்லும்தான். ஆனால் பெற்ற பெண்ணை ஒரு யந்திரத்தின் வாயால் ஒப்படைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

கேட்கும்போதெல்லாம் ஆசிரியர் ஒரே பதிலைச் சொன்னார். "வினைச்சொல் எங்கம்மா ஓடிடப் போகுது? தக்காளி விழா ஓடிடும்."

ஆனால் வகுப்பில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலமெல்லாம் கத்தரி பிடித்த கை. முன்னோர் நாளுக்கு மண்டையோடு, காளை ஓட்டத்துக்குக் கொம்பு என்று வண்ணக் காகிதத்தில் வெட்டித் தள்ளினார். ஆண்டு முடிவில் 'சரளமாகப் பேசுபவர்' என்று சான்றிதழ் தந்தார்கள். அதன் ஓரத்தையும் அவரையே நெளிநெளியாக வெட்டச் சொன்னார்கள்.

சம்பந்தியம்மா வந்து இறங்கினார். இருவரும் சிரித்துச் சிரித்தே நாட்களை ஓட்டியதில் அம்மாவுக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம். மருமகன் முன்னரே போய்விட்டான்; மகளும் சம்பந்தியும் புறப்படும் நாளும் வந்துவிட்டது. வேறு வழியின்றி அம்மா இருவரையும் வகுப்புக்கே அழைத்துப் போனார். அன்று ஏதோ ஒரு தீவின் கொடி நாள். நிஜமாகவே ஸ்பானிய மொழி பேசும் ஒருவர் உள்ளே நுழைந்ததும் ஆசிரியரின் முகம் வெளிறியது. சட்டென்று ஒரு காகிதத் தொப்பியை எடுத்து வந்தவர் தலையில் கவிழ்த்தார். சம்பந்தியம்மா பதறிப்போய் என்னவோ சொன்னார். வகுப்பே கைதட்டியது.

அம்மா ஆசிரியரை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், 'என் பொண்ணப் பாத்துக்கோங்க.' இதை மட்டும் சொல்லிக் குடுங்க. நானே அவங்ககிட்ட சொல்லிக்கறேன்."

ஆசிரியர் கையிலிருந்த பசைப் புட்டியை மூடி மேசைமேல் வைத்தார்.

"நானும் இங்கதாம்மா படிச்சேன்," என்றார் மெதுவாக. "அப்பவும் நெறைய பண்டிகை."

அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று போய் மகளின் கையைப் பிடித்து இழுத்து, சம்பந்தியம்மாவின் கையில் வைத்து அழுத்தினார். தொப்பியும் தலையுமாக நின்ற சம்பந்தியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பிடித்த கையை அவர் விடவில்லை.

வாசலில் நின்று பார்த்த நிலைய இயக்குநர் உருகிப்போனார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: அடுத்த ஆண்டு முதல் 'சம்பந்தி தினம்' சிறப்பாகக் கொண்டாடப்படும். மாணவர்கள் காகிதத்தில் இரண்டு கைகளை வெட்டி வர வேண்டும். இதற்காக, வினைச்சொற்களுக்கென்று காலியாக இருந்த அந்த ஒரு வாரம் ஒதுக்கப்பட்டுள்ளது.