பேரைச் சொல்லாதவர்

ரகசியக் காவலர் என்றொரு இனம் உண்டு. அலமாரிக்கு இரண்டு பூட்டுப் போடும். வாய்க்கு ஒரு தாழ்ப்பாள்கூட வைக்காது. எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கே இல்லை என்று நீங்கள்தான் சொல்லுங்களேன்!

இந்த இனத்தின் திலகம் ஒருவர் சுகாதாரப் பதிவேட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். ஊரில் யாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம், எந்தக் கடையில் என்ன மாத்திரை என்ற விவரமெல்லாம் அவர் பொறுப்பில்.

ஒரு நாள் ஆராய்ச்சி செய்கிற பெண்மணி ஒருவர் மனுவோடு வந்தார். மூட்டுவலிக்குப் பலரும் விழுங்கும் ஒரு மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்துக் கடைப் பதிவையும் ஆஸ்பத்திரிப் பதிவையும் இணைக்க வேண்டும். பெயர், முகவரி வேண்டாம், ஆளுக்கொரு எண் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு அலுவலகத்தில் இருக்கும். வயதைக்கூட 'ஐம்பதிலிருந்து அறுபதுக்குள்' என்றுதான் எழுதுவோம் என்றார்.

பூட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஜனங்க நம்மளை நம்பி உடம்பையே ஒப்படைச்சிருக்காங்கம்மா. நாளைக்கு நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?"

"பேரே இருக்காதே சார்."

"பேர் இல்லாட்டி என்ன? ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?"

முடியும். அதில் அவரைவிட நிபுணர் கிடையாது. அன்று மதியம் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "பேர் சொல்ல மாட்டேன், அது தப்பு. மூணாவது மாடி, ஜன்னலோர சீட்டு. இப்பத்தான் கல்யாணம் நிச்சயமாச்சு. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுது, பாவம்."

மூன்றாவது மாடியில் இருந்ததே ஒரு ஜன்னல்தான்.

மனு பதினோரு மாதம் நகரவில்லை. இந்தக் கடிதம் கொண்டுவா, அந்த முத்திரை எங்கே, மூன்றாம் பக்கத்தில் ஓரம் போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு முட்டுக்கட்டை. அதற்குள் பூட்டின் மனைவிக்குக் கால் வீங்கியது. மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக அதே மாத்திரைதான். சோதனையைப் பார்த்த டாக்டர், "கிட்னி பாதிச்சிருக்கும்மா. அந்த மாத்திரையாலதானோன்னு எனக்கே சந்தேகம். அடிச்சுச் சொல்ல ஆதாரமில்ல. ஆராய்ச்சி பண்ண யாரோ கேட்டிருக்காங்களாம், ஃபைல் எங்கேயோ நிக்குதாம்" என்றார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "எந்த மகராசன் அதை நிறுத்தி வெச்சிருக்கான்?"

பூட்டு தரையைப் பார்த்து நடந்தார்.

வீட்டு விஷயமாயிற்றே! யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் நிறைந்திருந்த லிப்டில், பெருக்குகிற அம்மாள் வாஞ்சையாக விசாரித்தாள்: "வீட்டம்மாவுக்குக் கிட்னி இப்பத் தேவலையா சார்?"

"யா... யார் சொன்னது?"

"பேரெல்லாம் யாரும் சொல்லல சார். என் தங்கச்சி அவங்களுக்கு டெஸ்ட் எடுத்த லேப்லதான் இருக்கா. பதிவேட்டு ஆபீஸ் பெரியவர், நெத்தியில தழும்பு, அவர் சம்சாரம்னுதான் பேசிக்கிட்டாங்களாம்."

லிப்டிலிருந்த எல்லோரும் அவர் நெற்றியைப் பார்த்தார்கள். பிறகு மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். வீட்டுக் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போனதுபோல் இருந்தது அவருக்கு.

அன்றே அந்த மனுவில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மூன்றாவது மாடிக்கு ஏறினார். என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஏறினார். ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்க மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். கல்யாணமும் நின்னுபோச்சாம்."

ஆராய்ச்சி எட்டு மாதத்தில் முடிந்தது. எத்தனையோ ஆயிரம் பேரின் நோயை அலசியும் ஒருவர் முகம்கூட வெளியே தெரியவில்லை. மாத்திரை கெடுதல்தான், டாக்டர்கள் அதை எழுதுவதை நிறுத்தினார்கள். பதினோரு மாதம் முன்பே நிறுத்தியிருந்தால் தன் மனைவியின் சிறுநீரகம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. இப்போதெல்லாம் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிடுகிறார்.

இவ்வளவும் சொன்னேனே, அவர் பெயரைச் சொன்னேனா? மூச்! நான் அப்படிப்பட்ட ஆளில்லை. நீங்களும் இல்லைதான். ஆனால் இதைப் படிக்கையில் உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வந்திருப்பாரே, அவருக்கு என்ன வியாதி என்பதும் கூடவே வந்திருக்குமே... சரி, எடுத்த போனை முதலில் கீழே வையுங்கள்.