மிராசை உடனே வந்து கூட்டிப் போகவும்

குத்தாலம்,
ஊரடங்கு, வைகாசி மாதம்.

மகாகனம் பொருந்திய மைத்துனர் குஞ்சிதபாதம் அவர்களுக்கு, உன் அக்காள் அமிர்தத்தின் புருஷன் துரைராசு ஆசி கூறி எழுதுவது. பேராவூரணியில் நீயும் உன் தென்னைகளும் சௌக்கியமாக இருக்கப் பிள்ளையார் அருளட்டும். இங்கே நாங்கள் சௌக்கியமா என்று கேட்காதே. நீ விட்டுப்போன பூனை சௌக்கியம்.

போன் போட்டால் "மாமா, டவர் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். தேங்காய் வியாபாரிகளுக்குக் கிடைக்கிற டவர் எனக்கு மட்டும் கிடைக்காத மர்மம் என்னவோ. அதனால்தான் இந்தக் கடிதம். உன் லாரி ஓட்டும் மூஸா பாய் கும்பகோணத்துக்குக் காய் ஏற்றி வரும்போது அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த நடைக்கு ஒரு கூடையோடு வரச் சொல்லு. உன் பூனையை ஏற்றிவிடுகிறேன்.

உன் அக்காளுடைய உடம்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? சிறுநீரகம் மாற்றி வைத்த உடம்பு. அது ஒட்ட வேண்டும் என்பதற்காக, நோயை எதிர்க்கிற சக்தியையே அடக்கி வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறாள். இந்தக் கொரோனா அவளைத் தொட்டால் தாங்காது என்று தஞ்சாவூர் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெற்ற மகள் வானதியையே திருச்சியிலிருந்து வராதே என்று தடுத்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில், ஊரடங்குக்கு முதல் நாள், "அக்காவுக்குத் துணையா இருக்கும் மாமா" என்று ஒரு வெள்ளைப் பூனையை இறக்கிவிட்டுப் போனாய். நான் வாயைத் திறக்கும் முன் வண்டியை எடுத்துவிட்டாய். பெயர் வேறு மிராசு. நல்ல பொருத்தம்தான். தின்கிறது, தூங்குகிறது. விதை நெல் மூட்டை மேல் எலி ஓடினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரோ குத்தகைக்காரன் போகிறான் என்பதுபோல மறுபடி படுத்துக்கொள்கிறது.

டாக்டருக்குப் போன் போட்டேன். பூனையைத் துரத்தச் சொல்வார் என்று ஆசையாகக் கேட்டால், அவர் உன் கட்சி. "பூனையால பயமில்லீங்க, வெளில விடாம வீட்டுக்குள்ளயே வச்சிக்குங்க. அம்மா முகத்துக்கிட்ட விட வேண்டாம், தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அது வெளிக்குப் போற தட்டை அவங்க சுத்தம் பண்ணக் கூடாது, நீங்க பண்ணுங்க. டெட்டால் கிட்டால் ஊத்திக் குளிப்பாட்டிடாதீங்க" என்றார். ஆக, ஆற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற நான், தினமும் காலையில் ரைஸ்மில் உமியைத் தட்டில் பரப்பி உன் பூனையின் கக்கூஸைத் தயார் பண்ணுகிறேன். அது வந்து முகர்ந்து பார்த்து, சரியாகப் பரப்பவில்லை என்று காலால் தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும் பாரு, அந்தப் பார்வைக்கே உன்னை நாலு சாத்து சாத்தணும்.

போன வாரம் கொல்லைக் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து அது நழுவிப் போய், வாய்க்காலில் நண்டு நோண்டிவிட்டுச் சேறும் சகதியுமாய் வந்து நின்றது. எவன் வீட்டுக்குள்ள பூந்துட்டு வந்துச்சோ, எவன் தடவிக் கொடுத்தானோ. டெட்டால் போடக் கூடாது என்றார், மஞ்சள் போடக் கூடாது என்று சொல்லவில்லையே? அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, முக்கி எடுத்தேன். கையெல்லாம் பிராண்டிவிட்டது. போதாக்குறைக்குக் கழுத்தில் மஞ்சள் நூலில் வேப்பங்கொத்து ஒன்றும் கட்டிவிட்டேன். வெள்ளைப் பூனை மஞ்சள் பூனையாகிவிட்டது. ஈரம் காயட்டும் என்று முன்பக்கம் விட்டால், அது ஏறி மதில் மேல் உட்கார்ந்துகொண்டது.

எதிர்வீட்டு ரெத்தினத்தக்கா கோலம் போட வந்தவள், பார்த்ததும் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "தம்பி, ஆத்தா வந்து உக்காந்துருக்கா, நீ பாட்டுக்கு லுங்கியோட நிக்கிறியே" என்கிறாள். அக்கா, அது என் மச்சினன் பூனை என்றேன். "ஆத்தா எந்த ரூபத்துல வருவான்னு உனக்குத் தெரியுமா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். தெருவே திரண்டுவிட்டது. பால் கொண்டுவந்தவள் ஒருத்தி, எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவள் ஒருத்தி, இந்தக் கொள்ளை நோயைக் கொண்டு போ தாயே என்று இருமிக்கொண்டே கும்பிட்டவர் ஒருத்தர். யார் முகத்திலும் முகமூடி கிடையாது. ஒரு ஈ காக்கை வராமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய என் வாசலில், மாரியம்மன் தீமிதிக்குக்கூட வராத கூட்டம். நான் முகமூடியோடு கத்தியது யார் காதிலும் விழவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, ஒவ்வொருத்தராகப் பிடித்துத் தள்ளினேன். அந்த மிராசோ எல்லாப் பாலையும் குடித்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

உன் அக்காள் என்ன செய்தாள் தெரியுமா? ஜன்னல் வழியே பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கத்திக் கத்தி இன்றுவரை தொண்டை கட்டிக் கிடக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, பூனை இந்த வீட்டில் இருக்கக் கூடாது. எனக்கு அவள் உயிர் முக்கியம். நீ கோபித்துக்கொண்டாலும் சரி, பேச்சு வார்த்தை நின்றாலும் சரி. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
துரைராசு

பின்குறிப்பு: இதை மூஸா பாயிடம் கொடுக்கவில்லை, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தொண்டை கட்டியது கத்தியதால் இல்லையாம். எனக்குப் பாசிட்டிவ். உன் அக்காளுக்கு இல்லை என்று வந்துவிட்டது, பயப்படாதே. நான் வயல் மோட்டார் கொட்டகையில் கிடக்கிறேன். ரெத்தினத்தக்காதான் இரண்டு இடத்துக்கும் சோறு கொண்டுவந்து தூர வைத்துவிட்டுப் போகிறாள். நான் பூனையையும் தொடக் கூடாதாம், என்னிடமிருந்து அதற்குத் தொற்றுமாம். உமித் தட்டை உன் அக்காளே கையுறையும் முகமூடியும் போட்டு மாற்றுகிறாள், வேறு வழியில்லை என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். "தனியா இருக்கியே, பயமா இருக்கா?" என்று போனில் கேட்டேன். "மிராசு கால்மாட்டுல படுத்துருக்கு, நீங்க தூங்குங்க" என்றாள். கூடை அனுப்பாதே, மாப்பிள்ளை. அவள் பக்கத்தில் இருக்க இப்போது அதற்கு மட்டும்தான் அனுமதி.