தரை இல்லாத கூடாரமும் மீராவின் கல்யாணமும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

பெரிய அத்திம்பேருக்கு பட்டாபி அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே அனந்தலக்ஷ்மியும் மீராவும் சௌக்கியம். நான் போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

மீரா கல்யாணம் செய்துகொண்டால் அந்த ஹரிஷங்கரைத்தான் என்று பிடிவாதமாக இருப்பதும், அவன் நல்ல ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருப்பதும் தாங்கள் அறிந்ததே. ‘ஒரு தடவை நீயும் கூடப் போய்ப் பையன் எப்படியென்று பார்’ என்று சொன்னது தாங்கள்தான். போனேன். தங்களை நான் குறை சொல்லவில்லை. என் முதுகு சொல்கிறது. கல்லாற்றுக்கு மேலே அவன் சிநேகிதனுடைய தோட்டம். பையிலிருந்து ஒரு கூடாரத்தை எடுத்தான். நடுவில் ஒரு கம்பு, சுற்றிலும் துணி, அவ்வளவுதான். “தரை எங்கேடா?” என்றேன். “தரை கிடையாது மாமா, சுமக்கக் கனம் குறையுமே. கீழே விரிக்க ஷீட் இருக்கு” என்றான். மேட்டில் போடப் பார்த்தான். அங்கே கல்லும் வேரும். பள்ளத்தில் புல் மெத்தை மாதிரி இருந்ததால் அங்கேதான் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். “அங்க வேண்டாம் மாமா, மழை பெய்தா வெள்ளம் மொத்தம் அங்கதான் வரும், கேட்டேளா?” என்றான். தங்கள் மச்சினன் கேட்பானா?

சாயங்காலம் மழை பிடித்தது. மழையா அது! சாரல் வருகிறதென்று மேலே இருந்த காற்றுத் துவாரத்தை நான் கட்டி மூடினேன். கொஞ்ச நேரத்தில் நாங்கள் விட்ட மூச்சே துணியில் நீராகி என் வழுக்கையில் சொட்டியது. ஈரம் உள்ளே வராமலிருக்க ஷீட்டின் ஓரத்தை வெளியே இழுத்துவிட்டேன். கூடாரத்தின் மேல் விழுந்த மழையெல்லாம் அதில் வழிந்து, நேரே என் மடிக்கு வந்தது. அடியிலிருந்து வந்த தண்ணீர் தனி. என் செருப்பு மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பிடிக்கத் தெம்பில்லை.

ஹரிஷங்கர்தான் எழுந்தான். கொட்டுகிற மழையில் எல்லாவற்றையும் பிடுங்கி மேட்டில் கட்டினான். துவாரத்தைத் திறந்துவிட்டான். ஷீட்டின் ஓரங்களை உள்பக்கம் மடித்து, அதன்மேல் என்னை உட்காரவைத்தான். இரண்டு பேருக்கு இடமில்லாததால் அவன் சேற்றில் உட்கார்ந்து எனக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டான். ‘அப்பவே சொன்னேனே மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். சொல்லவே இல்லை அத்திம்பேரே! இப்படிப்பட்டவனோடு எந்த மாமனாரால் காலம் தள்ள முடியும்? சண்டைக்கே வராதவனைச் சமாளிக்க எனக்கு வயசில்லை. ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று தாங்களே மீராவுக்கு எழுதி நிறுத்த வேண்டியது.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு என் ஆசி, தும்மலுக்கு நடுவே.

இப்படிக்கு,
பட்டாபி

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ஹரிஷங்கர் ஃபோன் செய்தான். “ஜலதோஷம் குறைஞ்சுதா மாமா? டாக்டர்கிட்ட போக வண்டி கொண்டு வரட்டா?” என்றான். “அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளே” என்று வாயில் வந்துவிட்டது. மீரா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அனந்தலக்ஷ்மி பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டாள். தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் எது என்று பார்த்து உடனே எழுதவும்.